அப்பாவின் அம்பாசிடருக்கு ஆன்டெனா

செப். 29, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். வேலை: கார் பேட்டரிக்குத் தண்ணீர், எங்கள் ஜவுளிக் கடைக்கு விளக்குமாறு. தம்பி முரளி துபாயிலிருந்து வந்து இறங்கினான், ஒரு மாத லீவு. எனக்குச் சட்டை, என் வீட்டுக்காரி கோமதிக்கு சென்ட், அப்பாவுக்கு சாட்டிலைட் ரேடியோ. வானத்திலிருந்து நேராகப் பாட்டு வருமாம். இரைச்சலே இருக்காதாம். அதை அப்பாவின் பழைய அம்பாசிடரில் மாட்டப் போகிறானாம்.

அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷமாக அந்தக் காரைத் துடைத்து, ஓட்டி, இன்ஜின் இறக்கி ஏற்றி உயிரோடு வைத்திருப்பவன் நான். எனக்கு ஒரு நாளும் அந்த முகம் கிடைத்ததில்லை.

சட்டை பிடிக்கவில்லை. அளவு என்னவோ சரியாகத்தான் இருக்கிறது.

அக். 1, புதன்

மேகமூட்டம், புழுக்கம். கடைக்கு தீபாவளிச் சேலைக் கட்டு வந்தது. பிரித்து அடுக்கவே மதியம் ஆகிவிட்டது. சாயங்காலம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பால்பாண்டி வந்தார். கார்க் கூரையில் ஓட்டை போட வேண்டியிருக்கும் என்றார். அப்பா விடமாட்டார் என்று நிம்மதியாக நின்றேன். பம்பரில் ஒரு விளக்கு மாட்டக் கேட்டதற்கே "பழைய வண்டியக் கெடுக்காதடா" என்று என்னைத் திட்டியவர்.

இன்று: "முரளி சொன்னாச் சரியாத்தான் இருக்கும். போடுப்பா."

வயிறு எரிந்தது. எழுத என்ன வெட்கம், இதை யார் படிக்கப் போகிறார்கள்.

கடைசியில் முரளியே ஓட்டை வேண்டாம் என்றான். காந்தம் வைத்த ஆன்டெனாவாம். சோப்பு டப்பா அளவு. கூரையில் வைத்ததும் கப்பென்று பிடித்துக்கொண்டது. ஒயரைக் கதவு ரப்பருக்குள் நுழைத்தார்கள்.

"அண்ணே, இதுக்கு மேல தகரம், இரும்புனு எதுவும் இருக்கப்படாது. வானத்தப் பாத்தே இருக்கணும்" என்றார் பால்பாண்டி. போர்ட்டிகோ கூரைக்கு அடியில் ரேடியோ ஊமை. தெருவுக்குத் தள்ளியதும் வீணை. அப்பா பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, "எம்புட்டுத் துல்லியம் பாத்தியாடா!" என்னிடம் இல்லை, முரளியிடம்.

அக். 3, வெள்ளி

விடிய விடிய மழை. கார் கழுவினேன். ஆன்டெனாவையும் துடைத்தேன், விதி.

நாளை ஆயுத பூஜை. அப்பா கார் ஓட்டுவதை நிறுத்திய பிறகு, வருஷா வருஷம் பூஜைத் தட்டிலிருந்து சாவியை எடுத்து என் கையில்தான் கொடுப்பார். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி முதல் சுற்று நான்தான். அவருக்குப் பிறகு கார் எனக்கு என்பதுதான் அதற்கு அர்த்தம். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இன்று ஸ்டீயரிங் அடியில் இருக்கும் கியரைக் காட்டி முரளியிடம் கேட்கிறார்: "கைக்கியர் போட ஞாபகம் இருக்காடா?"

கோமதியிடம் புலம்பினேன். "அம்பது வயசுல பொம்மைக்கு அடிச்சுக்கிறீகளே" என்றாள். பொம்மையா அது?

அக். 4, சனி

வாங்கியவை: பொரி, கடலை, வாழைக்கன்று, எலுமிச்சை, பூசணி.

காருக்குச் சந்தனம், குங்குமம். அப்பா கடையிலிருந்து சரிகைத் துண்டு ஒன்றை எடுத்து வந்தார். மேடையில் பெரிய மனிதர்களுக்குப் போர்த்துவோமே, அந்த ரகம். உடம்பு முழுக்க அசல் சரிகை. நாலாக மடித்து ஆன்டெனாவுக்குப் போர்த்திப் பூச்சரத்தால் கட்டினார். "வானத்துல இருந்து வாற சரஸ்வதில்ல!" எல்லோரும் கும்பிட்டோம். நானும்தான்.

சாவி முரளி கையில்.

என் கை பாதி நீண்டுவிட்டது. கோமதி பார்த்துவிட்டாள். வாழைக்கன்றைச் சரிசெய்வது போல நகர்ந்தேன்.

கியர் கரகரக்க ஒரு சுற்றுப் போய்வந்து வாசலில் நிறுத்தினான். "பாட்டப் போடுறா" என்றார் அப்பா. பாட்டு வரவில்லை. பெட்டியைத் தட்டினான், ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வேடிக்கை. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது அவனுக்கு. எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது.

கூரையை நிமிர்ந்து பார்த்ததுமே விளங்கிவிட்டது. அசல் சரிகை என்றால் வெள்ளி இழை, அதுவும் நாலு மடிப்பு; தகரத்தால் மூடியது போலத்தான். அப்பாவுக்கும் முரளிக்கும் அது வெறும் துணி. தினமும் அதைத் தொட்டு விற்கிறவன் நான். வாயைத் திறக்கவில்லை. இரண்டு தட்டுப் பொரி தின்றேன்.

அக். 5, ஞாயிறு

தெளிந்த வானம். முரளி பால்பாண்டியைக் கூப்பிடக் கப்பலூர் போயிருக்கிறான். வாசலில் நிற்கும் காரில், பின் சீட்டில் அப்பா தனியாக. ரேடியோவில் விளக்கு மட்டும் எரிகிறது.

"நேத்து காலையில நாந்தான்டா ஏதோ பட்டன அமுக்குனேன். கெடுத்துப்புட்டேன் போல. முரளிகிட்டச் சொல்லிராத."

திருட்டுத்தனம் செய்த பிள்ளை மாதிரி முகம். தாங்கவில்லை. கூரையைத் துடைப்பது போலப் பூச்சரத்தை அறுத்துத் துண்டை உருவினேன். கொஞ்ச நேரத்தில் நாதஸ்வரம்.

"வந்துருச்சுடா! நேத்து முரளி என்னமோ நோண்டுனான்ல, இப்பத்தான் புடிச்சிருக்கு. கெட்டிக்காரப் பய!"

துண்டு என் கையில். நுனிநாக்கு வரை வந்துவிட்டது. சொன்னால் பழி அவர் மேல்தான் விழும்; போர்த்தியது அவர்.

"ஆமாப்பா, கெட்டிக்காரன்தான்" என்றேன்.