செட்டை முளைத்த காசிம் காக்கா

நவம்பர் 9, ஞாயிறு

விடியத் தொடங்கி மழை. சபைக் கூரை மூன்று இடத்தில் ஒழுக்கு. வாளி வைத்தோம்.

இன்று பிரசங்கத்தில் நான். புதுப் பாஸ்டர் என்னைக் கேட்காமலே என் கதையை எடுத்தார். வாவியில் தோணி கவிழ்ந்து நான் மூழ்கப் பார்த்த கதை. வெண்ணுடை தரித்த தூதன் தண்ணீர் மேல் நடந்து வந்து கை கொடுத்தானாம்.

தூதனும் இல்லை, நடையும் இல்லை. காத்தான்குடிக் காசிம் காக்கா, எனக்கு அண்ணன் மாதிரி. தன் தோணியில் நின்று, கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து வீசினார். முனையைப் பிடித்தேன். நீலக் கட்டம் போட்ட சாரம். நாற்பத்தாறு வருடம். அவர் வாயில் வெற்றிலை மணத்தது கூட நினைவு.

எழும்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சனம் வந்து கையைப் பிடித்தது. ஒருத்தி என் கையைக் கண்ணில் ஒற்றினாள். அருவருப்பு. கொஞ்சம் பிடித்தும் இருந்தது. தூ.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டது. ஆரையம்பதிச் சந்தை. கருவாடு, வெங்காயம், முழங்காலுக்கு எண்ணெய். கடைவாசலில் காசிம் காக்கா.

"என்னடா யோசேப்பு, எனக்குச் செட்டை மொளச்சிட்டாம்?"

"ஆர் சொன்ன காக்கா?"

"உங்கட சபைக்குப் போற மீன்காரிதான். பறக்க ஏலுமெண்டா நான் ஏன் இந்த வெயிலுக்க பஸ்ஸுக்கு நிக்கிறன்? அது கிடக்கட்டும், என்ட சாரம் எங்கடா?"

கடைக்காரன் விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். காக்கா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 13, வியாழன்

தூறல். பாஸ்டர் வீடு. தேத்தண்ணி, பிஸ்கட்.

"பாஸ்டர், அது மனிசன். பேர் காசிம். உயிரோட இருக்கார்."

"ஆண்டவர்தானே ஐயா அவர அனுப்பினார்? அப்ப தூதன்தானே?"

"அப்ப பேரச் சொல்லுங்க."

"பேரச் சொன்னா சனம் குழம்பும் ஐயா. விசுவாசம் வளரணும். ஞாயிறு வகுப்புப் பிள்ளையளுக்கு நீங்களே உங்கட வாயால சொல்லுங்க. தூதன்ட படம் கீற தாளும் வாங்கி வச்சிருக்கன்."

பிஸ்கட்டைத் தொடவில்லை.

பதினெட்டு வருடமாக அது என் வகுப்பு. இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். வாசிப்பு எழுத்துக் கூட்டித்தான், இந்தக் குறிப்பு எழுதுவதும் அப்படியே. வேதக் கதை எல்லாம் காதால் ஏறியவை. கேட்டதைக் கேட்டபடி சொல்வேன் என்றுதான் பிள்ளைகளை என் கையில் தந்தார்கள். இதையும் சொன்னால் மற்றதெல்லாம் என்ன விலை?

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல வெயில். பிள்ளைகள் பதினொன்று. பாஸ்டர் கதவடியில்.

சொன்னேன். தோணி, வெள்ளம், நீலச் சாரம், காசிம் காக்கா. "பாஸ்டர் சொன்னது பிழை. நான் வாய மூடிக்கொண்டு இருந்ததும் பிழை." திரும்பிப் பார்த்தேன். கதவடியில் ஆள் இல்லை.

"அப்ப அவர் என்னத்தோட வீட்ட போனவர்?" ஒரு பெடியன்.

"உள் களிசானோட."

ஒரே சிரிப்பு. மீன்காரியின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. எட்டு வயது. பாதி கீறிய செட்டை அவள் தாளில்.

"தாத்தா, அப்ப கடல் ரெண்டாப் பிரிஞ்சது மெய்யா?"

"அது வேதத்தில இருக்கு புள்ள."

"நீங்க வாசிச்சீங்களா?"

"இல்ல. எங்கட பழைய உபதேசியார் சொன்னவர்."

"அவர் பொய் சொல்றவரா?"

"இல்ல." உடனே சொன்னேன்.

"நீங்க?"

மணி அடித்தது. ஒரு பிள்ளையும் எழும்பவில்லை.