மயங்கி விழும் கதாநாயகிகளும் உன் குஞ்சியம்மாவும்

புத்தூர்,
ஈசுவர வருஷம், ஆவணி மாதம்.

மலாயாவில் ஈப்போப் பட்டணத்தில் இருக்கும் என் மகள் மீனாம்பிகைக்கு, சிற்றப்பனாய் நின்று பெறாமல் உன்னை வளர்த்தெடுத்தவனும், புத்தூர்த் தோட்டவெளி முழுவதற்கும் முடியில்லாத மன்னனுமாகிய உன் குஞ்சியப்பு எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க நல்லூரான் துணை நிற்பாராக. இங்கே நாங்கள் என்று எழுதத் தொடங்கினேன், கை நின்றுவிட்டது. இங்கே நான் சுகம். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம்.

என் தந்திக்கு நீ அடித்த பதில் தந்தி முந்தி வந்துவிட்டது; என் தந்தி கிடைக்க முன்னம் நீ எழுதிய கடிதம் கப்பலில் ஆடி அசைந்து நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. உலகத்தில் ஒன்றுமே நடக்காததுபோல, நீ அனுப்பிய மூன்று நாவலையும் பற்றிக் குஞ்சியம்மா என்ன சொன்னா, ஒன்றும் விடாமல் எழுதுங்கோ என்று கேட்டிருக்கிறாய். மகள் கேட்டதற்குப் பதில் எழுதாமல் விட்டால் உன் குஞ்சியம்மாவே எழும்பி வந்து ஏசுவாள் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பின்னேரங்களில் அவள் கொட்டிலில் புகையிலையைத் தரம் தெரிந்து அடுக்குவாள், நான் பக்கத்தில் கதிரை போட்டு, யாழ்ப்பாணத்து ராசா சபை கூட்டியதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பேன். அந்த மூன்று புத்தகத்திலும் காதலர்கள் விட்ட பெருமூச்சைப் பிடித்து வைத்திருந்தால் பாயே விரிக்காமல் ஒரு தோணி ஊர்காவற்துறையிலிருந்து இரங்கூன் போய்த் திரும்பி வரும். அவர்கள் வடித்த கண்ணீரை வாய்க்காலில் விட்டிருந்தால் வலிகாமத்தில் ஒருவரும் இரண்டு போகத்துக்குத் கிணற்றுத் துலா மிதித்து நீர் இறைத்திருக்க மாட்டார்கள். நான் அதற்கெல்லாம் உருகிப்போகிற ஆள், உனக்குத் தெரியும். அவள் அப்படியா. பச்சை அட்டைப் புத்தகத்தில் அந்த மில் முதலாளி மகன் நிலாவைப் பார்த்துப் பத்துப் பக்கம் புலம்புகிறானே, அதைக் கேட்டுவிட்டு, "உந்தப் பொடியனை ஒரு காலமை எங்கடை துலாவிலை ஏத்திவிடுங்கோ, மத்தியானத்துக்கு முன்னம் காதல் இறங்கியிடும்" என்றாள். மற்றதில் அந்தப் பெண் சயரோகத்தில் இருமி இருமிப் பாட்டுப் பாடுகிறாள் அல்லவா, நான் அழுது மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தால் இவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு சனம் சுத்தி நிண்டு அழுகுதுகள், ஒருத்தராவது ஒரு பிடி கொத்தமல்லி அவிச்சுக் குடுத்ததுகளோ?" என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "இஞ்சேருங்கோ, உவையள் ஒருத்தரும் சாப்பிடேல்லை, கவனிச்சீங்களோ? இவ்வளவு காதலிலையும் ஆரும் ஆருக்கும் ஒரு சோறு போடேல்லை" என்றாள். நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் மகள், மெய்தான். மூன்று புத்தகத்திலும் ஓர் அடுப்பு எரியவில்லை.

ஆனால் மயக்கம் மட்டும் அவளுக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. கதாநாயகி எங்கே மயங்கி விழுந்தாலும் இவளும் நெஞ்சிலே கையை வைத்து, "ஐயோ, என்ரை ராசா கப்பலேறிப் போட்டாரே" என்று புகையிலைச் சிப்பத்திலே சரிவாள். நான் உடனே காதலன் குரலை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் கேட்கப் புலம்புவேன். பக்கத்து வளவுப் பொன்னம்பலத்தார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கிழடுகளுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று சொல்லிப்போட்டுப் போவார். எங்களுக்கு அது பெரிய பட்டம்.

மூன்றாவது புத்தகம் நடுவில் நிற்கிறது. அதில் காதலன் தூரதேசம் போன செய்தி கேட்டுக் கதாநாயகி விழுகிற இடத்துக்கு வந்தேன். உன் குஞ்சியம்மா நெஞ்சிலே கையை வைத்துச் சிப்பத்தில் சரிந்தாள். கப்பலேறின ராசாவைக் கூப்பிடவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. இன்றைக்கு மௌனமாக நடிக்கிறாள், இது புது விதம் என்று நினைத்து, கதிரையை விட்டு எழும்பி, கையை நீட்டி, அந்தப் புலம்பல் முழுவதையும் என் வாழ்நாளில் வாசியாத விதமாய் வாசித்தேன். "கண்ணைத் திற கண்மணி" என்று ஓரிடம் வருகிறது. அதை இரண்டு தரம் சொன்னேன். பக்கத்தைத் திருப்பிவிட்டு அவள் சிரிக்கப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருந்துச்சாலை அப்போத்திக்கரி நீக்கிலாப்பிள்ளை வந்து நாடி பார்த்து, "ஏரம்பர், அவ சரிய முந்தியே சீவன் போட்டுது. நீர் கையைப் பிடிச்சிருந்தாலும் ஒண்டும் நடந்திராது" என்றார். அவர் நல்ல மனுஷன். நல்ல மனுஷர் பொய்யும் சொல்லுவார்கள்.

இனி உன்னிடம் கேட்கவேண்டிய காரியம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, செத்தவளைப் பாடும் கல்வெட்டுப் புத்தகம் அச்சடித்துச் சனத்துக்குக் கொடுக்கவேணும் என்று இனசனமெல்லாம் ஒற்றைக்காலில் நின்று, பள்ளிக்கூடத்துக் கனகரத்தினம் சட்டம்பியாரைக் கொண்டு பாட்டுக் கட்டுவித்தார்கள். அவர் வந்து படித்தார். அன்ன நடையாம், குயில் மொழியாம், கணவன் முன் நிமிர்ந்து ஒரு சொல் கதைத்தறியாத உத்தமியாம். நான் கேட்டேன், "சட்டம்பியார், இது ஆர் செத்தது?" அவர் திகைத்துப்போய், "உம்மடை பெண்சாதி தெய்வானைப்பிள்ளைதான்" என்றார். "அவ என்னோடை நிமிர்ந்து கதையாத நாள் அவ செத்த நாள் ஒண்டுதான்" என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "பெண்டுகளுக்கு உதுதான் முறை. துலாவையும் கொத்தமல்லியையும் வெண்பாவிலை எங்கை ஐசே வைக்கிறது?" என்று ஏட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். செத்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அந்தியேட்டியன்று கல்வெட்டு இல்லை, வருஷம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். தேத்தண்ணிக் கடை முழுக்க என்னைத்தான் மெல்லுகிறார்களாம், பெண்சாதிக்கு ஒரு கல்வெட்டு அடிக்க மனமில்லாத கஞ்சன் என்று. மெல்லட்டும்.

நானே எழுதுவேன் என்ற வீரம் எனக்கு இருந்தது மகள். புத்தூரில் என்னைவிட வாய் உள்ளவன் யார்? கடதாசியை எடுத்து உட்கார்ந்தேன். அவளுடைய கண் என்று எழுதினால் தாமரை வருகிறது. நடை என்றால் அன்னம் வருகிறது. கிழித்துப்போட்டு எழுதினால் பாழாய்ப்போன நிலா வருகிறது. இவ்வளவு காலமும் படித்த அத்தனை காதலும் என் கைக்குள்ளே இருந்துகொண்டு அவளைக் காட்டுகிறதில்லை. கண்ணை மூடினாலும் அந்தப் படுபாவிக் கதாநாயகிகள்தான் வரிசையாய் வந்து விழுகிறார்கள். முப்பது வருஷம் எனக்கு முன்னால் இருந்த முகம், எந்தப் பக்கம் மச்சம் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன்.

நீ எழுது. உனக்கு அவள் தலை பின்னிவிட்டிருக்கிறாள், குட்டியிருக்கிறாள், பள்ளிக்கூடத்துக்குத் துரத்தியிருக்கிறாள். பாட்டாக வேண்டாம், வசனம் போதும். அவள் ஏசின ஏச்சை அப்படியே எழுது, எதுகை மோனை பார்க்காதே. சனம் சிரித்தால் சிரிக்கட்டும். ஆட்டைத் திவசத்துக்குக் காலம் கிடக்கிறது, ஆனால் எனக்கு அவ்வளவு காலம் பொறுக்கத் தெரியவில்லை, வருகிற கப்பலுக்கே கொஞ்சமாவது போட்டுவிடு. நீ மாசமாயிருக்கிறாய், அழுதுகொண்டு எழுதாதே, மருமகன் பக்கத்தில் இருக்கிற நேரம் எழுது. பாரம் தூக்காதே. பிறக்கிற பிள்ளைக்கும் உங்கள் இருவருக்கும் என் ஆயுளில் மிச்சமிருப்பதையும் சேர்த்து ஆசீர்வாதம்.

மறவாதே மகள், மச்சம் எந்தப் பக்கம் என்பதை முதலில் எழுது.

உன் வரவைப்போல உன் எழுத்தைப் பார்த்திருக்கும்,
குஞ்சியப்பு,
வே. ஏரம்பு.