மார்கழியில் வந்த பாய்லர்

இன்று காலை இந்தப் பருவத்தில் முதல் தடவையாக ஹீட்டைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க அந்த வாசனை வந்துவிட்டது. கோடை முழுக்க, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் படிந்த தூசி கருகுகிற வாசனை. உங்களுக்கு அது பிடிக்கும். "ஊட்டுக்கு உசுரு வந்துருச்சு பாரு, அம்மிணி" என்பீர்கள். எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்கவில்லை. போய் ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஹீட்டையும் போட்டுவிட்டு ஜன்னலையும் திறந்து வைப்பாளா ஒருத்தி என்று நீங்கள் சண்டைக்கு வந்திருக்க வேண்டும். யாரும் வரவில்லை. அதனால்தான் வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த வீட்டைப் பார்த்த அன்றே வேண்டாம் என்று சொன்னவள் நான். நியூ ஜெர்சியில் நம்மவர்கள் எல்லாரும் எடிசன் பக்கம் புது டவுன்ஹவுஸாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். பொத்தானை அமுக்கினால் தரையிலிருந்து வெதுவெதுவென்று காற்று வரும் வீடுகள். நீங்கள் மட்டும், நம் இரண்டு பேரின் அப்பாக்களும் பிறப்பதற்கு முன்னால் கட்டிய வீடு ஒன்றைத் தேடிப் பிடித்தீர்கள். படி ஏறினால் கிறீச்சிடும். ஜன்னலை இழுத்தால் வராது. ஒவ்வொரு அறையிலும் இரும்பில் ஒரு ரேடியேட்டர். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து பேஸ்மென்ட்டில் ஒரு பாய்லர். பாய்லர் என்றால் எனக்குத் தெரிந்தது, தேங்காய் மட்டையைப் போட்டு எரித்துக் குளிக்க வெந்நீர் வைக்கும் செப்புப் பாய்லர்தான். இதுவோ பீரோ அளவுக்கு இரும்பு. இது சூடாக்குகிற தண்ணீர் குழாய் வழியாக எல்லா அறைக்கும் போய், ரேடியேட்டர்களைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். இது நின்றால் வீடே ஐஸ் பெட்டிதான் என்று வீடு விற்றவரே சொன்னார்.

உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது! கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, பம்பு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, இங்கே வந்து எல்லாரையும் போல கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் நீங்கள். சனிக்கிழமை ஆனால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவீர்கள். சாப்பிடக் கூப்பிட்டால், "படிச்ச படிப்புக்கு இங்கதான் வேல இருக்குது, சித்த இரு" என்று கீழேயிருந்து குரல் வரும். நானும் சாம்பாரை எத்தனை தடவைதான் சுட வைப்பேன்?

அப்புறம் அந்த செப்டம்பர் வந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கணையத்தில் கட்டி, கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது, கீமோ கொடுத்துப் பார்க்கலாம், ஆனாலும் மாதக் கணக்குதான் என்றார். வரும்போது காரை நீங்கள்தான் ஓட்டினீர்கள். நான் ஹைவே முழுக்க அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் வந்து ஷூவைக் கழற்றினீர்கள். ஏதாவது சொல்வீர்கள், என் கையையாவது பிடிப்பீர்கள் என்று நின்றேன். "குளிர் வர்றதுக்குள்ள பாய்லரை மாத்திப்போடோணும்" என்றீர்கள்.

எனக்கு வந்ததே கோபம்! கையிலிருந்த பையை வீசி எறிந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த நம் பெண் மாடிப்படியில் நின்று பார்த்தாள்.

ஏன் அவ்வளவு கோபம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்குப் பிறகு நானும் குழந்தையும் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், அவள் அதே பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். அதற்குத்தான் புது பாய்லர். அதற்கு நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால், நீங்கள் போவதற்கும் சரி என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். எந்தப் பொண்டாட்டி சொல்வாள்? நான் சொல்வதாக இல்லை.

நீங்கள் பாட்டுக்கு ஆட்களை வரவழைத்தீர்கள். முதலில் வந்தவர் பழைய பாய்லரின் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்து, அதே அளவு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பினார். நீங்கள் உதட்டைப் பிதுக்கினீர்கள். ஜன்னல் மாற்றியாகிவிட்டது, சூடு வெளியேறாமல் கூரைக்குப் பஞ்சு போட்டாகிவிட்டது, இனி இந்த வீட்டுக்கு அவ்வளவு பெரியது எதற்கு, சும்மா சும்மா எரிந்து அணைந்து சீக்கிரமே கெட்டுப்போகும் என்று எனக்கு விளக்கம் வேறு. நான் காதில் வாங்கவில்லை. அடுத்து டை கட்டிய ஒரு பையன் வழவழ புத்தகத்தோடு வந்தான். சுவரில் மாட்டுகிற சின்னப் பெட்டி. உள்ளே கம்ப்யூட்டர் போர்டு. எரிபொருள் செலவு எவ்வளவோ குறையும் என்றான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவன் போனதும் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ரிப்பேர் ஆகாத மிஷின் ஒலகத்துல கெடையாது அம்மிணி. ரிப்பேரானா ஆரு வருவாங்க, அதப் பாரு மொதல்ல. இந்த போர்டு போச்சுன்னா வேற நாட்டுல இருந்து வரோணும். அது வர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?"

"நீங்க ரெண்டு பேரும்" என்றீர்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

மூன்றாவதாக வந்தவர் தலை நரைத்தவர், முழங்கால் வலிக்காரர், புத்தகம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய் ஜன்னலை அளந்தார், ரேடியேட்டர்களை எண்ணினார், குளிர்காலத்தில் எந்த அறை ஆறிக் கிடக்கும் என்று கேட்டார். பழையதைவிடச் சின்னதாக, வார்ப்பிரும்பில் ஒன்று போதும் என்றார். அதன் சாமான்கள் இந்த ஊர்க் கடையிலேயே கிடைக்குமாம். உங்களுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பனி கொட்டுகிற அன்று போன் செய்தால் யார் எடுப்பார்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டீர்கள். "என் மனைவி எடுப்பாள். அவள் எடுக்காவிட்டால் நான்" என்றார் அவர். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு என் பக்கம் கை காட்டி, "மை வைஃப் வில் டிசைட். டாக் டு ஹெர்" என்றீர்கள்.

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அத்தனை வருடமாக வங்கி, இன்சூரன்ஸ், கார் ரிப்பேர் எல்லாம் நீங்கள்தான். டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, பிள்ளைகளிடம் பேசுகிற இங்கிலீஷ் வரும். இந்த மாதிரி பெரிய மனுஷர்களிடம் பேசுவது என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இது தெரிந்தேதான் கோத்துவிட்டீர்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று இங்கிலீஷில் முணுமுணுத்து அவரை அனுப்பிவைத்தேன்.

அதன் பிறகு நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஐப்பசி போயிற்று. கார்த்திகை போயிற்று. கீமோவில் உங்கள் முடி போயிற்று, சதை போயிற்று. "முடிவு பண்ணீட்டியா?" என்று தினமும் கேட்பீர்கள். இன்னும் இல்லை என்பேன். டிசம்பர் நடுவில், அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் கேட்டீர்கள்.

"மார்கழி பொறந்துருச்சுங்க. மார்கழில புதுசா ஒண்ணும் வாங்கக் கூடாது. தைப்பொங்கல் நோம்பி கழியட்டும்" என்றேன்.

நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "நம்ம கார் வாங்குனதே மார்கழிலதான அம்மிணி? நீ எப்ப இருந்து பஞ்சாங்கம் பாக்கறே?"

"இப்ப இருந்துதான். தை வரைக்கும் பாய்லர் வரக் கூடாதுன்னா, அது வர்றப்ப பக்கத்துல நிக்கறதுக்கு நீங்க தை வரைக்கும் இருக்கோணுமல்ல?"

சொல்லிவிட்டேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. நீங்கள் வந்து என் தோளில் கை வைத்தபோது அந்தக் கையில் கனமே இல்லை. ரசம் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அடுப்பை அணைக்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் பாய்லர் பற்றிக் கேட்கவே இல்லை. மார்கழி முழுக்க எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். ஊரில் பெண்கள் இந்த மாதத்தில் வாசலில் கோலம் போட்டுப் பூசணிப்பூ வைப்பார்கள். நான் இங்கே ஒரு பழைய இரும்பைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன், தை வரைக்கும் தாக்குப்பிடி என்று.

அது தாக்குப்பிடிக்கவில்லை. பனி விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. கீழே இறங்கிப் பார்த்தால் பேஸ்மென்ட் தரையெல்லாம் துருத் தண்ணீர். பாய்லர் அடியில் விரிசல் விட்டிருந்தது. அதை ஒட்டுப் போட்டு ஓட்ட முடியாது என்று எனக்கே தெரிந்தது.

மேலே வந்தேன். கரண்டில் ஓடுகிற சின்ன ஹீட்டரை நம் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். உங்களுக்கு இரண்டு ஸ்வெட்டர், மங்க்கி குல்லா, மூன்று போர்வை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் குழந்தையும் கட்டிலில் ஏறி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே அறை, மூன்று பேர், வெளியே பனி. இப்படியே தை வரை கிடந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான்.

"குளிருதா கண்ணு?" என்று குழந்தையைக் கேட்டேன். "ஐயாம் ஓகே. அப்பா'ஸ் ஷேக்கிங்" என்றாள்.

போர்வைக்குள் கையை விட்டு உங்கள் பாதத்தைத் தொட்டேன். கீழே தொட்ட இரும்பு மாதிரியே இருந்தது. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மார்கழிதான" என்று மட்டும் சொல்லிச் சிரிக்கப் பார்த்தீர்கள். திட்டியிருக்கலாம் நீங்கள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், இன்னும் இரண்டு நாள் தள்ளியிருப்பேன்.

சமையலறைக்குப் போய் போனை எடுத்தேன். கதவைச் சாத்தாமல்தான் போனேன். அந்த முழங்கால் வலிக்காரரின் மனைவிதான் எடுத்தாள். எங்கள் பாய்லர் உடைந்துவிட்டது, புதிது போட வேண்டும், உன் வீட்டுக்காரர் சொன்னதையே போடட்டும் என்று தப்பும் தவறுமாகச் சொல்லி முடித்தேன். அவள் அவரிடம் கொடுத்தாள். அவர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார், "உங்கள் கணவர் இருக்கிறாரா? அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாமா?" என்று.

"யூ டாக் டு மீ" என்றேன்.

சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். உள்ளே வரைந்துகொண்டிருந்த பென்சிலை நிறுத்திவிட்டதாகக் குழந்தை பிற்பாடு சொன்னாள். எந்த அளவு, சிம்னி என்ன ஆகும், பழையதை யார் தூக்கிப் போவார்கள், எத்தனை நாளில் வருவீர்கள் என்று நீங்கள் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டேன். எல்லாம் என் காதில் ஏறித்தான் இருந்திருக்கிறது போல. போனை வைத்துவிட்டு வந்து பார்த்தால் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். தோள் குலுங்கியது. குளிரா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையிலேயே ஆட்கள் வந்து பழையதைத் துண்டு துண்டாக உடைத்து மேலே கொண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்குள் புதியது எரிந்தது. மார்கழியில், நல்ல நேரம் பார்க்காமல், அதுவும் ராகு காலத்தில். நீங்கள் குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து அதன் நெற்றி என்று நினைத்த இடத்தில் விபூதி பூசினீர்கள். "சத்தமே இல்ல பாரு" என்றீர்கள். பழையது எரிய ஆரம்பித்தால் வீடே அதிரும். இது எரிகிறதா இல்லையா என்று கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும்.

தை பிறந்தபோது நீங்கள் இருந்தீர்கள். பொங்கலை ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, இனிப்பு தூக்கலாக இருக்கிறது என்று பொய் சொன்னீர்கள். நான் அன்று வெல்லமே சரியாகப் போடவில்லை. மாசியில் போய்விட்டீர்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களால் வீடு நிறைந்தது. வெளியே எலும்பைத் துளைக்கிற குளிர். வந்தவர்கள் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து முதுகைத் தடவிக்கொண்டே, "பழைய வீடுன்னாங்க, ஆனா உள்ள நல்லா வார்மா இருக்கே" என்றாள். அவளை அடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

நான் எங்கும் போகவில்லை. ஊருக்கு வந்துவிடு என்று உங்கள் அண்ணன் கூப்பிட்டார், அபார்ட்மென்ட் பார்த்துத் தருகிறோம் என்று இங்கே இருப்பவர்கள் சொன்னார்கள். குழந்தை அதே பள்ளிக்கூடத்தில் படித்தாள். இப்போது ஹைஸ்கூல். நீங்கள் நினைத்தபடியே எல்லாம் நடக்கிறது, சந்தோஷம்தானே உங்களுக்கு? எனக்கு ஒன்றும் பெரிய சந்தோஷம் இல்லை. வங்கி, இன்சூரன்ஸ், கார், கூரை ஒழுகல், பெண்ணின் டீச்சர் என்று எல்லாவற்றுக்கும் நான்தான் பேசுகிறேன். நாக்கு இப்போது ஒட்டிக்கொள்வதில்லை. இப்போது நான் பேசினால் எதிரில் இருப்பவருக்குத்தான் ஒட்டிக்கொள்ளும் என்று உங்கள் பெண் கேலி செய்கிறாள்.

போனில் யாராவது, "உங்கள் ஹஸ்பண்ட் வீட்டில் இருக்கிறாரா?" என்று இன்னமும் கேட்கத்தான் செய்கிறார்கள். ஜன்னல் விற்கிறவர்கள், பத்திரிகைச் சந்தா கேட்பவர்கள், யார் யாரோ. என்னிடம் பேசுங்கள் என்கிறேன். மேற்கொண்டு ஒன்றும் சொல்வதில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரிடம்கூட, அவர் இல்லை என்று நான் சொன்னதே கிடையாது.