மடித்தால் முறியாத சவ்வு

இன்று காலை தேனிக் கடையில் புதுத் தார்ப்பாய் லோடு இறங்கியது. கட்டைப் பிரித்ததும் பிளாஸ்டிக் வாடை குப்பென்று அடித்தது. வழக்கம்போல ஒரு மூலையை நாலாக மடித்து, மடிப்பின் மேல் நகத்தை அழுத்தி இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசிக்கண் அளவு வெளிச்சம் தெரிந்தாலும் சரக்கு திரும்பிப் போகும். இதே சோதனையை உன் சரக்கிலும் செய்தவன் நான்.

ராயப்பன்பட்டிப் பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. பத்தாவதோடு நான் தார்ப்பாயைத் தோளில் தூக்கிச் சந்தை சந்தையாகப் போனேன். நீ மேலே மேலே படித்து ஆராய்ச்சிக்காரன் ஆனாய். எனக்கு மூன்று கடை இருக்கிறது. ஆனால் நீ லீவுக்கு வந்துவிட்டால் என் வீட்டில் என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "உங்க சேக்காளி எப்ப வருவாக?" என்று என் மனைவி ஒரு வாரத்துக்கு முன்பே கேட்க ஆரம்பித்துவிடுவாள். எனக்கு வயிறு எரியும். சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன்.

அப்படி வந்த ஒருநாள், தட்டையான டப்பாவிலிருந்து மஞ்சளாய் ஒரு சவ்வை எடுத்தாய். பாலிமர்தான், ஆனால் கற்கண்டு மாதிரி உள்ளுக்குள் வரிசை தப்பாத படிக அடுக்கு. கண்ணுக்குத் தெரியாத துளைகள், எல்லாம் ஒரே அளவு. சாயத்தண்ணீரை ஊற்றினால் சாயம் மேலே நின்றுவிடும், தண்ணீர் மட்டும் இறங்கும் என்றாய். என் வீட்டார் வாயைப் பிளந்து கேட்டார்கள். உன்னிடம் கேட்காமலே அதை வாங்கி, மடித்து, நகத்தால் இழுத்தேன். படக்கென்று முறிந்தது.

"அப்பளம்ல கொண்டாந்திருக்க மாப்ள," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும்தான். எட்டு மாத வேலை அது என்று பிறகு சொன்னாய். இப்போது சொல்கிறேன்: கையில் வாங்கியதுமே அதன் விறைப்பு எனக்குப் புரிந்துவிட்டது. முறியும் என்று தெரிந்தேதான் மடித்தேன்.

அடுத்த முறை கடைக்கே வந்தாய். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, படிகமும் படிகமும் ஒட்டும் ஓரத்தில்தான் விரிசல் ஓடுகிறது என்று காட்டினாய். வலுவுக்கு எதையாவது கலந்தால் துளை அடைத்துக்கொள்கிறதாம். என் தார்ப்பாய் ஏன் மடிப்பில் போவதில்லை என்று கேட்டாய். பூச்சுக்குள்ளே நெசவு இருக்கிறது, மேலே விரிந்தாலும் உள்ளே இழை பிடித்துக்கொள்ளும். இந்த வியாபாரத்தில் சுமை தூக்குகிறவருக்கும் தெரிந்த விஷயம். அதைச் சொல்லாமல், "நீதான படிச்சவன்" என்றுவிட்டு டீ வாங்கப் போய்விட்டேன்.

மூன்று வருஷம் கழித்து இன்னொரு சவ்வு கொண்டுவந்தாய். நீயே மடிக்கச் சொன்னாய். மடித்தேன், நகத்தால் இழுத்தேன், திருப்பியும் மடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. மெல்லிய இழைகளை முதலில் வலை மாதிரி விரித்து, அதன் மேலேயே படிகத்தை வளர்த்ததாகவும் துளை ஒன்றும் அடைபடவில்லை என்றும் சொன்னாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் பொறுக்கவில்லை.

"இது எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றேன்.

சவ்வை என் கையிலிருந்து வாங்கினாய். "தெரிஞ்சும் சொல்லலையாலே?"

சண்டை போடவில்லை நீ. சாப்பிட்டாய், என் மனைவியிடம் சொல்லிக்கொண்டாய், பஸ் ஏறினாய். அடுத்த லீவு வரும்முன் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஒருவேளை நெசவு விஷயம் உனக்கு முன்பே தெரிந்திருக்கலாம். ஆனால் கேட்டாயே. அந்த மூன்று வருஷத்தை நான் எங்கே போய்க் கொடுப்பது?

போன மாதம் உன் மாணவி கடைக்கு வந்தாள். நீ விட்ட இடத்திலிருந்து இப்போது அவள்தான் செய்கிறாள். உள்ளங்கை அளவுக்கு மேல் பெரிதாக்கினால் ஓரத்தில் பிய்கிறதாம். தார்ப்பாய்க்கு ஓரம் எப்படி மடித்து ஒட்டுகிறோம் என்று கேட்டாள். அவளைக் குடோனுக்குக் கூட்டிப்போய்ப் புது ரோல் ஒன்றை அறுத்தே காட்டினேன். ஓர மடிப்புக்குள்ளே கயிறு வைப்பது, ஒட்டச் சூடு எவ்வளவு, ஒட்டு எங்கே முதலில் விடும், எல்லாம் சொன்னேன்.

வாய்க்கு வாய் "எங்க சார், எங்க சார்" என்றாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிந்தது, நீ உயிரோடு இருந்தபோது எரிந்த மாதிரியே. எரியட்டும் என்று விட்டுவிட்டு, அவள் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.