மூவருக்கான அறை

முவைலா, ஷார்ஜா
ஜூன் 8

அன்புள்ள சம்யுக்தாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். நீயும் அப்படி இருக்கிறாய் என்று கேள்விப்பட்டால் எனக்கு அது போதும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ அழுவாய், உன் குரல் கேட்டு நானும் அழுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். இப்படி எழுதினால் அழுகிற இடத்தில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்காரலாம்.

வெயில் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட விடுமுறை நெருங்குவதால் எங்கள் பில்டிங்கில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். லிஃப்டில் பெட்டிகளும் பிள்ளைகளுமாக ஒரே சத்தம். உன் மாமா போன வாரம் முதல் டியூட்டிக்குப் போகிறார். எமிரேட்ஸ் ரோடு வழியாகப் போவதில்லை. சுற்றிக்கொண்டுதான் போகிறார். நேரமாகிறதே என்று நான் கேட்பதில்லை.

கப்பல் பயணம் எப்படி இருந்தது என்று நீ கேட்டபோதெல்லாம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். திருச்சியில் நம் சொந்தக்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரே பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நாலு மாதத்தில் ஐரோப்பாவில் கப்பலில் உல்லாசம் போனவள் நான். உன் காதுக்கும் வந்திருக்கும். அதனால் நடந்ததை உனக்கு மட்டும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பயணத்தைப் பதிவு செய்தது முரளி. தீபாவளி சமயத்தில் ஒரு நாள் போனை நீட்டி அறையின் படங்களைக் காட்டினான். பால்கனி, சோபா, குளியல் தொட்டி, நம் அறைக்கென்றே ஓர் ஆள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எதுக்குடா இவ்வளவு பெரிசு என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் நான் சம்யுவோட தாம்மா சுத்துவேன். அதுக்கு முன்னாடி நாம மூணு பேரும் ஒரே ஒரு தடவை ராஜா மாதிரி போயிட்டு வந்துடலாம்" என்றான். விசாவும் மூன்று பேருக்கும் அவனே அலைந்து வாங்கினான். பிறகு ஜனவரியில் அந்தப் பனிமூட்டக் காலை வந்தது. துபாயில் அல் கூஸ் கிடங்குக்கு டியூட்டிக்குப் போனவனை எமிரேட்ஸ் ரோட்டில் பறிகொடுத்து, நாங்கள் இருவருமாகத்தான் ஊருக்குக் கொண்டுபோனோம். அதை நான் எழுத வேண்டியதில்லை. அங்கே நீயும் பக்கத்தில்தான் இருந்தாய்.

காரியம் முடிந்து ஷார்ஜா திரும்பிய பிறகு உன் மாமா பேசுவதையே விட்டுவிட்டார். முரளியின் அறையில் போய்க் கட்டிலில் உட்காருவார். கூப்பிட்டால் வருவார், வைத்ததைச் சாப்பிடுவார். டாக்டர் கொஞ்ச நாள் ஆகும் என்றார். கப்பலை ரத்து செய்ய வேண்டும் என்ற நினைப்பே எங்கள் இருவருக்கும் இல்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் அவராகவே பெட்டியை இறக்கி வைத்து, "போலாம் ஜெயா. அவன் புக் பண்ணது" என்றார். எத்தனையோ நாள் கழித்து அவர் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் அது. நான் மறுபேச்சுப் பேசாமல் துணிகளை எடுத்து வைத்தேன்.

பார்சிலோனாவில் கப்பல் ஏறும் இடத்தில் கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, மூன்றாவது நபர் எங்கே என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மாமா, மகனுக்கு ஆபீஸில் லீவ் கிடைக்கவில்லை, முடிந்தால் நடுவில் ஏதாவது துறைமுகத்தில் வந்து ஏறிக்கொள்வான் என்று இங்கிலீஷில் சொன்னார். முன்கூட்டித் தகவல் சொன்னால் ஏற்பாடு செய்யலாம் என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பொங்கலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சம்யு, அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அது பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் அறைக்கு ஈசா என்று ஒருவர். கோழிக்கோட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். முன்பு துபாயில் ஹோட்டலில் வேலை பார்த்தவராம். ஷார்ஜா என்றதும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டார். காலையில் பால்கனியில் காபி, சாயங்காலம் பழத்தட்டு. சமையல்கட்டில் சொல்லி எனக்குத் தயிர்சாதம்கூட வாங்கி வந்தார். நாங்கள் வெளியே போய்த் திரும்புவதற்குள் படுக்கை விரித்து, தலையணைமேல் மூன்று சாக்லேட் வைத்திருப்பார். சோபாவைக் கட்டிலாக்கி அதற்கும் வெள்ளை விரிப்பு போட்டு, குளியலறையில் மூன்று அங்கி மாட்டியிருப்பார். "மோன் எந்த போர்ட்ல கேறும்னு சொல்லுங்க அம்மா, நான் கீழே போய்க் கூட்டிட்டு வரும்" என்று மலையாளம் கலந்து கேட்பார்; மோன் என்றால் மகன், கேறுவது என்றால் ஏறுவது. நான் உன் மாமாவைப் பார்ப்பேன். "அடுத்த ஊர்ல பார்ப்போம்" என்பார் அவர்.

உனக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்கு அங்கே சந்தோஷமாக இருந்தது. ஷார்ஜாவில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஊரில் கேட்கவே வேண்டாம். அந்தக் கப்பலில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அங்கே நான் லீவு கிடைக்காத ஒரு பையனின் அம்மா, அவ்வளவுதான். பால்கனியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக் காபி குடிக்கும்போது, முரளி அல் கூஸில் வேலையில் இருக்கிறான், சாயங்காலம் போன் பண்ணுவான் என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

மார்செய்யில் குன்றின்மேல் ஒரு மாதா கோயில். உள்ளே கூரையிலிருந்து சின்னச்சின்னக் கப்பல் பொம்மைகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடலுக்குப் போய் உயிரோடு திரும்பியவர்களின் வீட்டார் நேர்ந்துகொண்டு கட்டியவை என்று கூட்டிப்போன பெண் சொன்னாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன். உன் மாமா அண்ணாந்து ஒவ்வொரு கப்பலாகப் பார்த்துவிட்டு நிதானமாக வந்தார். நேபிள்ஸில் ஒரு துணிக்கடையில் ஆகாய நீலத்தில் லினன் சட்டை வாங்கினார். கடைக்காரர் அளவு கேட்டதும், தன் தோளுக்கு மேலே கையை உயர்த்தி, என்னைவிட இவ்வளவு உயரம், தோள் அகலம் என்று காட்டினார். அது இப்போது பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் தோஹாவிலிருந்து வந்த நம் ஊர்க்காரர்கள் பழக்கமானார்கள். விஜயபாஸ்கர், அவர் மனைவி நளினி. கல்யாணமான நாற்பதாவது வருஷம் என்று பிள்ளைகள் அனுப்பி வைத்திருக்கிறார்கள். நளினி கலகலப்பான பெண். பையனுக்கு நிச்சயமாகியிருக்கிறது என்றதும், உங்க மருமகளைக் காட்டுங்களேன் என்றாள். நிச்சயதார்த்தத்தில் எடுத்த உன் படத்தைக் காட்டினேன், அந்தப் பச்சைப் பட்டில் எடுத்தது. "லட்சணமான பொண்ணு. கல்யாணம் என்னைக்கு?" என்றாள். ஆவணியில் என்றேன், கோயம்புத்தூரில் மண்டபம் என்றேன். கத்திரிக்காய் சாதத்துக்கு யாரைச் சொல்லியிருக்கிறோம் என்பது வரை பேசினேன், சம்யு. உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். அன்று அவர் இரண்டாவது முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கடைசியாக நின்ற ஊர் மால்டா தீவில் வாலெட்டா. அதற்கப்புறம் பார்சிலோனாதான். காலையில் ஈசா, "இங்கே கேறலைன்னா பின்னே மோனுக்கு வழி இல்லையே சார்" என்று வருத்தமாகச் சொன்னார். உன் மாமா என் பக்கம் திரும்பினார். முழங்கால் வலிக்கிறது, நீ நளினியோட போயிட்டு வா என்று என்னை அனுப்பி வைத்தார்.

துறைமுகத்துக்கு நேர் மேலே கோட்டைச் சுவர், அதன்மேல் ஒரு பூங்கா. லிஃப்டில் ஏறிப் போனோம். அங்கிருந்து பார்த்தால் விரிகுடா முழுதும் தெரிகிறது. எங்கள் கப்பலும் தெரிந்தது. நளினிதான் முதலில் பார்த்தாள். "அங்க நிக்கிறது உங்க சார் தானே? பையன் வர்றாரா? சொல்லவே இல்லையே நீங்க" என்றாள். இருபுறமும் ஆட்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்த இடத்தில், கப்பல் படிக்கட்டின் கீழே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் வெளிவாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஏர்போர்ட்டில் முரளிக்காக நிற்கும்போது அப்படித்தான் நிற்பார்.

நான் நளினியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி வந்தேன். வெயிலில் நின்று அவர் முகம் சிவந்திருந்தது. தலைமுடியைப் படிய வாரி, நல்ல சட்டை போட்டிருந்தார். உள்ளே போகலாம் வாங்க என்றேன். இரு என்றார். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு டாக்ஸி வந்து நிற்கும்போதும் அவர் கழுத்து முன்னே நீண்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளையைக் கொடுத்தாயிற்று, இவரையும் இங்கே விட்டுவிட்டுப் போகப்போகிறேனோ என்ற பயம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "முரளி வரமாட்டான்ங்க" என்றேன். அவன் போனதிலிருந்து அதை நான் வாயால் சொன்னதே இல்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும் ஜெயா" என்றார். "தெரியாமயா இருக்கும். கப்பல் கிளம்புற வரைக்கும் நிக்கிறேனே. ஒரு தடவையாவது அவனுக்காக முழுசா நின்னுட்டு வர்றேன். அன்னிக்கு போலீஸ்காரங்க போன் பண்ணி உடனே வாங்கன்னாங்க. காத்திருக்கக்கூட விடலையே."

நானும் நின்றேன். கூட்டம் குறைந்தது. நளினி எங்களைக் கடந்து போகும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறிப் போனாள். படிக்கட்டை எடுக்கும் நேரம் ஆனதும் சீருடை போட்ட பையன் ஒருவன் வந்து, உங்களோடு இன்னும் யாராவது வர வேண்டியிருக்கிறதா ஐயா என்று இங்கிலீஷில் கேட்டான். உன் மாமா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவனிடம் திரும்பி, "இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான்" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். பாதிப் படியில் அழுகை வந்துவிட்டது அவருக்கு. ஊரில் பிள்ளையை எடுத்த அன்றுகூட அழாத மனிதர், சம்யு. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

சாயங்காலம் ஈசா சோபாவுக்கு விரிப்புப் போட வந்தார். உன் மாமாவே அவரை உட்காரச் சொல்லி விஷயத்தைச் சொன்னார். ஈசா விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். பிறகு எழுந்து சோபாவைச் சோபாவாகவே மடக்கி வைத்துவிட்டுப் போனார். நளினியிடம் நான்தான் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. "என்கிட்ட எதுக்குங்க கல்யாணப் பந்தி வரைக்கும் பேசினீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மறுநாள் முழுக்க எங்கள் மேசைக்கு அவர்கள் வரவில்லை. பார்சிலோனாவில் இறங்கும்போது பின்னாலிருந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். உன் பெயரைக் கேட்டு, அந்தப் பொண்ணு என்ன ஆனா என்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் உன் அம்மா போன் செய்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார். சென்னையிலிருந்து நல்ல இடம் வந்திருப்பதாகவும், அந்தப் பையன் எல்லாம் தெரிந்தே சம்மதித்திருப்பதாகவும் சொன்னார். நீ முடியாது என்றதோடு, நான் முரளி வீட்டு மருமகளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாயாம். நீ சொன்னதைக் கேட்டு எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். என் பிள்ளைக்காக இந்த உலகத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பதில் ஒரு தாய்க்கு இருக்கிற ஆறுதல் உனக்குப் புரியாது. அன்று ராத்திரி சாப்பிடும்போது உன் மாமாவிடம் சொன்னேன். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அந்தக் குழந்தையை அங்க நிக்க விடாத ஜெயா" என்றார்.

அதனால் சொல்கிறேன். அவன் வரமாட்டான், சம்யு. நீ இருபத்தாறு வயதுப் பெண். மருத்துவமனையில் நடக்க முடியாதவர்களைக் கையைப் பிடித்து நடக்கவைக்கிற வேலை பார்க்கிறாய். உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பையனை ஒரு தடவை பார். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்பதற்காக வேண்டாம் என்று சொல். எங்களுக்காகச் சொல்லாதே. கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று உன் வீட்டில் குழம்ப வேண்டாம். கூப்பிட்டால் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டு வருவோம். கூப்பிடாவிட்டால் இங்கிருந்தே போடுவோம். புது வீட்டில் என்னைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் ஷார்ஜா ஆன்ட்டி என்று சொல், போதும்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ தவறாமல் போன் பண்ணுகிறாய். மாமா அதற்குள் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். இனிமேல் அப்படிக் கணக்கு வைத்துப் பண்ணாதே அம்மா. தோன்றும்போது பண்ணு. உனக்கு வீடு, வேலை, குழந்தை என்று ஆகும். ஒரு ஞாயிறு மறந்துபோகும், அப்புறம் இன்னொன்று மறந்துபோகும். அதற்காக நீ மனசு சங்கடப்படக் கூடாது. போன் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் நீ நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். மாமாவிடமும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

தீர்க்காயுசாக, நிறைந்த வாழ்வு வாழ வேண்டும் நீ.

இப்படிக்கு,
உன் அத்தை
ஜெயலட்சுமி