பட்டறைக்குள் பூட்ஸ் போட்டுத்தான் வருவேன்

மேற்கு மாம்பலம்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள அஸ்வினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சுகம், என் இடது காலும் சுகம், நீ முதலில் தேடப்போவது அதைத்தான் என்று தெரியும். கனடாவில் நீயும் மருமகள் ஷண்முகப்ரியாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க இசக்கியம்மனை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸப்பில் தினம் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்காதே எய்யா. போனில் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ இருபது வார்த்தை சொல்லிவிடுகிறாய், அப்புறம் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

அன்றைக்கு வீடியோ காலில் என் கால் விரலிடுக்கில் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பாவுக்கு ரெண்டு விரல் போனது போதாதா, உனக்கும் போகணுமா, ஆடி முடிவதற்குள் பட்டறையை மூடு, ரெண்டு பேரும் கிளம்பி இங்கே வந்து இருங்கள் என்றாய். சரி, பயத்தில் கத்துகிறான் பிள்ளை என்று விட்டுவிட்டேன். ஆனால் போன புதன்கிழமை ஒரு ஆள் வந்து வெல்டிங் மெஷினையும் கட்டிங் மெஷினையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கனடா சார் பேசினாரு, எப்ப எடுத்துக்கலாம் என்று கேட்டான் பார், அப்போது எனக்கு வந்தது கோபம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் மெஷினுக்கு ஆள் அனுப்புவாயா? அந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, இது விற்பனைக்கு இல்லை, மெஷின் சூடாக இருக்கிறது தொடாதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் மேல் வந்த கோபத்தை அவனிடம் காட்டவில்லை, உனக்கென்றே வைத்திருக்கிறேன்.

நீ சொன்னதில் பாதி சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். நம் பட்டறையில் முப்பது வருஷமாக வெறுங்காலில்தான் வேலை. உங்கப்பா வைத்த வழக்கம் அது. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு அதன் முன்னால் செருப்புக் காலோடு நிற்கலாமா என்பார், ஆள் யார் வந்தாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரணும். ஷோயப் பதினைந்து வருஷமாக நம்மிடம் ஃபிட்டராக இருக்கிறான், அவன் கும்பிடுகிற இடம் வேறு, இருந்தும் அப்பா மேல் உள்ள மரியாதைக்கு அவனும் வெறுங்கால்தான். உருகின இரும்புத் துளி எத்தனை தடவை எங்கள் பாதத்தில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறாய்? உஸ் என்று உதறிவிட்டு அடுத்த வெல்டிங் ராடை மாட்டுவோம், பெருமை வேறு அதில். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து கால் மரத்துப்போன பிறகு துளி விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை, மூன்றாம் நாள் நாற்றம் வந்துதான் நான் பார்த்தேன். அதற்கப்புறமும் எனக்குப் புத்தி வந்ததா? ரெண்டு விரலை எடுத்ததும் அவர் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார், நான் வெல்டிங் முகமூடியை எடுத்தேன், செருப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் போய்க் குத்தவைத்தேன். முட்டாள்தனம்தான். ஆனால் முட்டாள்தனம் காலில் இருந்தால் காலைத்தானே சரிபண்ணணும், அதற்குப் பட்டறையை ஏன் மூடணும் சொல்லு.

அதனால் பூட்ஸ் வாங்கினேன். லேசில் கிடைக்கவில்லை. முதலில் தி.நகரில் ஒரு கடைக்குப் போனேன், அங்கே இருந்த பையன் லைட் வெயிட் ஆன்ட்டி, போட்டதே தெரியாது என்று வலை வலையாகத் துணி வைத்த ஷூவைத் தலையில் கட்டிவிட்டான். ரெண்டாம் நாளே ஒரு துளி விழுந்து வலை உருகி ஓட்டை, உள்ளே நைலான் சாக்ஸும் சேர்ந்து உருகி விரலோடு ஒட்டிக்கொண்டது. அதை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், ஆறிவிட்டது. அப்புறம் ரயிலேறி பாரிமுனைக்குப் போனேன். சேஃப்டி சாமான் விற்கிற கடை கடையாக ஏறி இறங்கினால், எல்லாரும் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் யாராவது ஆம்பளை வருகிறானா என்றுதான் பார்க்கிறார்கள். கடைசியில் சர்தார் பாய் என்று ஒருவர், இன்னாமா வூட்டுக்காரருக்கா, அவர இட்டுனு வா, கால் பாக்கணும்ல என்றார். வெல்டர் நான்தான், கால் இதுதான் என்று ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்தேன். கொப்புளத் தழும்பைப் பார்த்தார். அஞ்சாம் நம்பர் எவனும் கேக்கமாட்டாம்மா, மேல எங்கியாவது கீதானு பாக்கறேன் என்று பரணில் ஏறி, தூசியோடு நாலு பெட்டி இறக்கினார்.

அந்த மனுஷர் தொழில் தெரிந்தவர். தோல்தான் வேணும், துணி ஆகாது, சோல் வெறுமனே பசையில் ஒட்டியிருந்தால் சூட்டில் வாய் பிளந்துவிடும், சுற்றிலும் தைத்திருக்கணும், லேஸ் வெளியே தெரிந்தால் பொறி விழுந்து அறுந்துவிடும், மேலே தோல் மடிப்பு மூடியிருக்கணும், காட்டன் சாக்ஸைத் தவிர வேறு போடக் கூடாது, பேண்ட்டை பூட்ஸுக்குள் செருகாதே, வெளியே விடு, செருகினால் துளி நேரே உள்ளே போய்விடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒரு ஜோடியைப் போட்டு நடந்து பார்த்து நல்லாருக்கு என்றேன். நின்னு பாத்தா எல்லாம் நல்லாதான் இருக்கும், குந்திக்கினு பாரும்மா, கிரில் வேல நின்னுக்கினா செய்வ என்றார். கடை நடுவில் குத்தவைத்தேன் பார், முன்னால் இருக்கிற இரும்புக் கவசத்தின் விளிம்பு விரல் மேல் கத்தி மாதிரி இறங்குகிறது! மூணாவது ஜோடியில்தான் சோல் முன்பக்கம் வளைந்து கொடுத்தது, விரலுக்கும் இடம் இருந்தது. பத்து நிமிஷம் அப்படியே குத்தவைத்திருந்தேன். வந்துபோகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்த்துக்கொள்ளட்டும். ஷோயபுக்கும் ஒரு ஜோடி வாங்கினேன். அவன் பயந்துபோய், அக்கா, அண்ணன் இன்னா சொல்வாரோ என்றான். அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ காலை உள்ளே விடு என்றேன்.

நடுவில் ஒன்று சொல்கிறேன் கேள். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் ஜன்னல் கிரில் வேலை. வாசலிலேயே அந்த மாமி, ஆத்துக்குள்ள பூட்ஸோட வராதேங்கோ, கழட்டிண்டு வாங்கோ என்றார். பழைய இசக்கியம்மாளாக இருந்தால் உடனே கழற்றியிருப்பேன். நான், மாமி, பூட்ஸைக் கழட்டினா மெஷினையும் கழட்டிக்கிட்டு போயிருவேன், வேணும்னா சாக்கு விரிச்சுக்கிடுதேன், வேலை முடிஞ்சதும் நானே துடைச்சும் விட்டுருதேன் என்று நின்ற இடத்திலேயே நின்றேன். மாமி உள்ளே போய்ப் பழைய ஜமக்காளத்தைக் கொண்டுவந்து ஜன்னல் வரைக்கும் அவரே விரித்தார். போகும்போது காபி கொடுத்தார், ரொம்ப நன்றாக இருந்தது.

மாமியைச் சமாளித்துவிட்டேன், உங்கப்பாதான் பாடாய்ப் படுத்தினார். பூட்ஸை வீட்டில் பார்த்ததும், சாமி இருக்கிற இடத்துல இதோட நிக்கப்போறியாக்கும் என்றார். சாமி உங்ககிட்ட ரெண்டு விரலைக் கேட்டுச்சா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நாலு நாள் என்னோடு பேசவில்லை, சாப்பாடு போதும் வேணும் எல்லாம் கைஜாடையில்தான். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் பூட்ஸைக் கழற்றவில்லை. அஞ்சாம் நாள் வெள்ளிக்கிழமை, விரல் எடுத்த பிறகு முதல் தடவையாக, ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டார். வாசலில் குனிந்து, டாக்டர் கொடுத்த அந்த மெத்துமெத்துச் செருப்பைக் கழற்றப் போனார். கழட்டினா உள்ள வராதீங்க என்றேன். அவர் வரவும் இல்லை, போகவும் இல்லை, வெயிலில் கதவைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். நான் ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டுக்குச் செய்கிற கேட் வேலையைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே இருந்து, ஏட்டி, ஆம்பியரக் குறை, பைப்பு ஓட்ட விழுது என்று சத்தம். சத்தத்துல கேக்கல, வந்து சொல்லுங்க என்றேன். மறுபடி கத்தினார். கேக்கல என்றேன். ஓட்டை விழுகிற பைப்பைப் பார்த்துக்கொண்டு அவரால் எத்தனை நேரம் நிற்க முடியும்? செருப்போடு விறுவிறுவென்று உள்ளே வந்து மெஷினில் கரண்டைக் குறைக்கிற குமிழைத் திருகிவிட்டு, கண்ணு எங்க இருக்கு உனக்கு என்று திட்டினார். நாலு நாளுக்கு அப்புறம் வாங்கின திட்டு, இனிப்பாக இருந்தது. ஆம்பியரை நான் வேண்டுமென்றேதான் ஏற்றி வைத்தேன், அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. இப்போது தினமும் பத்து மணிக்கு வருகிறார், ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் ரெண்டு பேரையும் ஏவுகிறார், செருப்பு காலிலேயே இருக்கிறது.

இப்போது உன் விஷயம். நீ கனடா போன முதல் குளிர்காலத்தில் பனியில் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கி மூணு வாரம் நொண்டினாயே, அப்போது நான் உன்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா என்றா சொன்னேன்? ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தேன், ஆனால் சொல்லவில்லை. நல்ல பூட்ஸாக வாங்கு என்றேன், நீயும் வாங்கினாய், வேலைக்குப் போனாய். உன் காலுக்கு ஒரு நியாயம், என் காலுக்கு ஒரு நியாயமா? அப்பாவையும் என்னையும் நீ நினைத்துத் தவிப்பது எனக்குத் தெரியாதா ராசா. உன் பாசம் வேணும், ஆனால் பூட்டு வேண்டாம். இனிமேல் பட்டறையைப் பற்றி யாரிடமாவது பேசினாய் என்றால் நிஜமாகவே உன்னோடு பேசமாட்டேன்.

நீயும் மருமகளும் நூறு வருஷம் நல்லா இருக்கணும், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், எண்ணெய் தேய்த்துக் குளி. நீ அனுப்பிய விசாத் தாள்களை இதோடு கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்புகிறேன். ஒரு மாசம் வந்து உங்களோடு இருக்க எனக்கும் ஆசைதான், ஆனால் அந்தத் தாளில் ரெண்டு தப்பு இருக்கிறது, திருத்தி அனுப்பு. என் தொழில் என்ற இடத்தில் குடும்பத்தலைவி என்று போட்டிருக்கிறாய், அதை அடித்துவிட்டு வெல்டர் என்று போடு. சொந்த ஊருக்குத் திரும்பிப் போவதற்கு என்ன காரணம் என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதை நீ காலியாகவே விட்டிருக்கிறாய். பட்டறை திறக்கணும் என்று எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
க. இசக்கியம்மாள்