மச்சானும் நானும் ஒரே பேசினில்

அன்பு மகள் நிருஷாவுக்கு,

மாமாங்கேஸ்வரர் துணையில் நீயும் மருமகனும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். நானும் சுகம், விளக்கமறியல் சிறையில் கிடக்கிறவனுக்கு எவ்வளவு சுகமோ அவ்வளவு. சிறைக் கந்தோர் வழியாக அனுப்பினால் பிரித்து வாசிப்பார்கள், அதனால் பிணையில் போகிற அஸ்கரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மாமாவை மன்னிக்கட்டாம் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினாயே மகள், இறால் பண்ணைக் காவல்காரனின் மண்டையைத் துடுப்பால் உடைத்தது உன் மாமா சாமித்தம்பி, பொலிசில் என் பெயரைச் சொன்னதும் அவன்தான். உன் கலியாணத்தை நான் பார்க்காமல் போனது யாரால்? நெஞ்சு இன்னும் எரிகிறது. இப்போது கசிப்புச் சாராயம் காய்ச்சின வழக்கில் அவனையும் பிடித்து என் அறைக்குள்ளேயே போட்டிருக்கிறார்கள். இங்கே உள்ளவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. களவெடுத்தவன், வெட்டினவன் எல்லாரும் வீட்டிலிருந்து வரும் சோற்றை ஒரே பிளாஸ்டிக் பேசினில் கொட்டிக் குழைத்துச் சாப்பிடுவோம். பொய் சொல்லி இன்னொருவனை உள்ளே தள்ளினவன் மட்டும் அதில் கை வைக்க முடியாது. சுவரைப் பார்த்துத் தனியே தின்னவேண்டும், கக்கூசடியில் படுக்கவேண்டும், ஒருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். எந்தச் சண்டியனுக்கும் அதற்குத்தான் பயம்.

அவன் வந்த அன்று, இந்த ஆள் ஆரு அண்ணன் என்று என்னிடம்தான் கேட்டார்கள். அவன் முகம் செத்துப்போனது. என்ட மச்சான் என்று மட்டும் சொன்னேன். பாவம் பார்த்து இல்லை. அவன் செய்ததை அன்றைக்கே சொல்லியிருந்தால் அவன் பயம் ஒரேயடியாக முடிந்திருக்கும், எனக்கு அது போதாது. பக்கத்தில் இருத்தி மீன் தலையை நானே எடுத்து வைக்கிறேன். நான் வாய் திறக்கும்போதெல்லாம் அவன் எடுத்த கவளத்தைப் பேசினிலேயே போட்டுவிட்டு என் வாயைப் பார்க்கிறான். பார்க்கப் பார்க்க எனக்கு நல்ல பசி எடுக்கிறது.

நேற்று என் காலைப் பிடித்து அழுதான். நீங்க சொல்லிராதீங்க மச்சான், அடுத்த தவணைக்கு கோட்டுல நீதவானிட்ட உண்மையச் சொல்றன் என்றான். சரி என்றேன். அவன் சொல்லட்டும், நான் வெளியே வருவேன். விடுதலைக்கு என் பெயரைக் கூப்பிட்டதும் உடுப்பை எடுத்துக்கொண்டு, அவன் யார் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவேன்.

நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நம்பி நீடூழி வாழவேண்டும் மகள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே. நானும் தன் தம்பியும் ராசியாகிவிட்டோம் என்று அவ ஊரெல்லாம் சொல்லிச் சந்தோசப்படுகிறா.

உன் அப்பா,
தங்கராசா